கல்யாண வீடியோக்காரர் எடுத்த கணக்குப் பாடம்

“டீச்சர், மோவாய கொஞ்சம் தூக்குங்க. ஆங், அப்டியே இருங்க. இப்ப இன்னா சொல்லப்போறீங்களோ அத்த சிரிச்சிக்கினே சொல்லுங்க.”

கீதா டீச்சர் சொல்லப்போவது, வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரையலாம் என்பதை. அதை எப்படிச் சிரித்துக்கொண்டு சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தினகரன் கேமராவுக்குப் பின்னால் பொறுமையாக நிற்கிறார். மணப்பெண் அழுது முடித்து முகம் துடைக்கும் வரை நின்று பழகியவர். ஒரு கணக்கு டீச்சர் சிரிக்கும் வரை நிற்பது அவருக்குப் பெரிய காரியமில்லை.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் அவருடைய ஸ்டுடியோ இருக்கிறது. நிறையப் பைகள் வைத்த காக்கி மேல்சட்டை ஒன்றைக் கோடையிலும் கழற்றமாட்டார். ஒரு பையில் லென்ஸ் துடைக்கும் துணி, இன்னொன்றில் ஊக்குகள், வேறொன்றில் சீப்பும் பவுடரும். கேமரா கையில் இல்லாதபோதும், பேசுகிறவரை இடது கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் கண்ணடிக்கிறார் என்று நினைத்துச் சங்கடப்படுவதுண்டு. “தொழில் அப்டி ஆயிப்போச்சு சார். ரெண்டு கண்ணாலயும் பாத்தா எனுக்கு மூஞ்சியே ஞாபகம் நிக்கறதில்ல” என்பார்.

அவர் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது தற்செயல்தான். செய்யாற்றில் தண்ணீர் ஏறினால் தரைப்பாலம் மூழ்கிவிடும். அக்கரைப் பிள்ளைகள் வரமுடியாத நாட்களுக்காகக் கீதா டீச்சர், சாக்பீஸ் டப்பாவில் சாய்த்துவைத்த தன் போனில் பாடம் எடுத்து வகுப்புக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தினகரனின் மகள் திவ்யா அந்தப் பத்தாம் வகுப்பில்தான் படிக்கிறாள். ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அந்த வீடியோவை எட்டிப் பார்த்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடத்தின் நடுவில் போன் சரிந்து, மீதிப் பாடம் முழுவதும் மின்விசிறியே தெரிந்தது. மறுநாளே கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகள் அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்றாயின.

அவரை மேதை என்று சொல்லமாட்டேன். ஒளி அமைப்பில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் எதைப் படம் பிடித்தாலும் அதற்குக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார். வடிவொத்த முக்கோணங்கள் பாடத்தில் சின்ன முக்கோணம் இடப்புறமிருந்தும் பெரிய முக்கோணம் வலப்புறமிருந்தும் மெல்ல நடந்து வந்து நடுவில் சேர்ந்து நின்றன. மேலிருந்து ரோஜா இதழ்கள் விழுந்தன. பின்னணியில் நாகஸ்வரம். கீதா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைகளோ அந்தப் பாடத்துக்கு ‘முக்கோணக் கல்யாணம்’ என்று பெயர் வைத்து, வீட்டில் தம்பி தங்கைகளையும் கூட்டி உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரு கட்டாய விதி உண்டு. யாருடைய முதுகும் படத்தில் வரக்கூடாது. “முதுவு வந்திச்சின்னா அந்த வூட்ல சண்ட வந்துரும் சார். ‘மொய்யி வெச்ச என் மூஞ்சி எங்கடா, முதுவ புடிச்சி வெச்சிக்கினு கீற’ன்னு மாமங்காரன் ஸ்டுடியோ வாசல்ல வந்து நிப்பான்.” ஆகவே முதுகு வந்த இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார். யாரும் பேசாத இடங்களையும் அப்படித்தான்.

கீதா டீச்சருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் தெரிந்தே ஒரு தவறைச் செய்துவிட்டு, பேசாமல் நிற்பார். வகுப்பென்றால் நாலு குரலாவது எழும். தானே கண்டுபிடித்த தவறைப் பிள்ளை மறுபடி செய்யாது என்பது அவர் நம்பிக்கை. வீடியோவிலும் அதையே செய்தார். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, சந்தைக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த தர்பூசணியை இரண்டாக வெட்டி மேசையில் வைத்து, அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு என்ன என்று கேட்டார். பச்சைத் தோலின் பரப்பை மட்டும் பலகையில் எழுதினார். வெட்டிய சிவப்பு முகத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார். “எதையாவது மறந்துட்டேனா?” என்று கேட்டு, பார்க்கிறவர்கள் யோசிக்கட்டும் என்று சும்மா நின்றார். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, விட்டதைச் சேர்த்து எழுதி, ஏன் என்று விளக்கி, பேசிக்கொண்டே பலகையை அழித்தும் விட்டார்.

தினகரன் அன்றிரவு அதைத் தொகுத்தபோது முதலில் ஒரு மௌனம் வந்தது. வெட்டினார். அதன்பின் வந்தது முழுக்க முதுகு. வெட்டினார். மிச்சத்துக்கு அழகாக முடிவு வேண்டுமே என்று, அந்தச் சிவப்பு முகத்தைத் திரை நிறையக் காட்டி, விதைகளின்மேல் ரோஜா இதழ்களை உதிரவிட்டார். மறக்கப்பட்ட பகுதியை அவரைப்போல் வேறு யாரும் அவ்வளவு அழகாகக் காட்டியிருக்க முடியாது. திருப்புதல் தேர்வு வேலையில் மூழ்கியிருந்த டீச்சர் அதைப் பார்க்காமலேயே குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. விடைத்தாள் கட்டோடு டீச்சர் அவரை வகுப்பறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன்.

“தினகரன், எல்லாப் பேப்பர்லயும் ஒரே தப்பு. வீடியோல நான் திரும்பி எழுதினேனே, அது எங்க?”

“முதுவு டீச்சர் அது.”

“முதுகுதான். அந்த முதுகுக்கு முன்னாடிதானே கணக்கு இருந்துச்சு?”

தினகரன் இடது கண்ணைச் சுருக்காமல், இரண்டு கண்ணாலும் பலகையைப் பார்த்தார். “நீங்க பேசாம நின்னீங்களே, அது?”

“அது அவங்க யோசிக்கிற நேரம்.”

“நீங்க மறந்துட்டு நிக்கறீங்கன்னு நெனச்சேன்” என்றார் மெதுவாக. பாடநூலில் சரியான விடை இருக்கத்தான் செய்தது. ஆனால் பாடநூலில் பூ உதிர்வதில்லை.

புதிய வீடியோ அன்றே எடுத்தாயிற்று. முதுகும் இருந்தது, மௌனமும் இருந்தது. பழையதைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஆனால் டேட்டா தீர்ந்துவிடும் என்று பிள்ளைகள் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு, போனுக்குப் போன் மாற்றிக்கொள்கிறவர்கள். மாகறல், திருப்புட்குழி என்று உறவு இருந்த ஊருக்கெல்லாம் தர்பூசணி போய்விட்டிருந்தது.

“இன்னா நைனா, வாலாஜாபாத் அத்த பொண்ணு போன்லயும் உன் பயம்தான் ஓடிக்கினு கீது” என்றாள் திவ்யா. “பயமா?” என்று கேட்டார் அவர். “பழம் நைனா. சூப்பரா கீதுன்னு அவ ஸ்கூல் முச்சூடும் அனுப்பிட்டாளாம்.” எந்தக் கல்யாண வீடியோவுக்கும் கிடைக்காத பாராட்டு அது. அன்று அவர் சாப்பிடவில்லை என்று பிறகு திவ்யா சொன்னாள். பங்குனியில் பொதுத்தேர்வு. முகம் தெரியாத எத்தனை பிள்ளைகள் சிவப்பை விட்டுவிட்டு எழுதப்போகிறார்களோ என்பதே அவருக்குப் பேஜாராகிவிட்டது. கேமரா பையின் மேலேயே புதிய வீடியோ ஏற்றிய போனை வைத்துக்கொண்டு திரிந்தார். பேருந்தில் சீருடையைப் பார்த்தால் பக்கத்தில் போய், தர்பூசணி வீடியோ உண்டா என்று விசாரித்தார்.

மாசியில் வாலாஜாபாத்தில் ஒரு வரவேற்பு. படம் எடுக்க அவர்தான் வந்திருந்தார். பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நானும் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், பாவாடை தாவணியில் ஒரு பெண் தாயோடு மேடையேறி மணமகள் பக்கத்தில் நின்றாள். கையில் போன்.

“இங்க பாருங்க, சிரிங்க” என்றவர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். “பாப்பா, பத்தாவதா நீ?”

“ஆமாண்ணா.”

“தர்பூசணி வெச்சி ஒரு கணக்கு வீடியோ, உன்கிட்ட இருக்குதா?”

“கீதுண்ணா. அந்தப் பூவு மேலேர்ந்து உய்றது நல்லா இருந்திச்சி.”

“அதுல பாதி கணக்க நான் வெட்டிட்டேம்மா. அத்த அழிச்சிடு. முழுசா கீறத நான் ஏத்தித் தரேன்.”

“அப்றம் பண்ணலாமேண்ணா, எல்லாரும் நிக்கறாங்க.”

மாப்பிள்ளை சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்தபடி, “அண்ணே, கீழ சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் லைன் நிக்குதுண்ணே” என்றார்.

தினகரன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் போனுக்காக உள்ளங்கையை நீட்டினார்.