சைரனுக்குப் பத்து நிமிடம் முன்பு

என் வகுப்பில் வேறு யாருடைய அம்மாவுக்காகவும் தொழிற்சாலைக் கதவு தனியாகத் திறந்ததில்லை. என் அம்மாவுக்குத் திறந்தது. தினமும் மாலை நாலு இருபதுக்கு.

அது மத்திய அரசின் தொழிற்சாலை. தண்ணீர் பம்புகளுக்கான பாகங்களைச் செய்தார்கள். எனக்கு எட்டு வயதானபோதுதான் அங்கே இயந்திரக் கூடத்தில் முதல் முறையாகப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதுவரை தட்டச்சுக்கும் கேண்டீனுக்கும் மட்டுமே பெண்கள் இருந்தார்கள். டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. நிர்வாகம் மறுக்கவும் இல்லை, மகிழவும் இல்லை, ஏற்பாடுகள் செய்தது. பழைய கருவி அறை ஒன்று பெண்கள் கழிவறையானது. உடை மாற்றும் மூலைக்குப் பச்சைத் திரை வந்தது. வந்து சேர்ந்த நான்கு பெண்களுக்கும் நான்கு நாற்காலிகள் போட்டார்கள். வேலை முழுவதும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை.

அந்த நால்வரில் அம்மா ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பே ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். படிப்பு முடித்துப் பத்து வருடம் வீட்டில் குழாயும் தாழ்ப்பாளும் மட்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் என்பது மாமாவின் சாதனை. அம்மாவின் அண்ணன் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். யூனியனில் துணைச் செயலாளர். நாலரைக்குச் சைரன் ஊதினால் பெரிய கதவு திறக்கும். சைக்கிளும் ஸ்கூட்டரும் நடப்பவர்களுமாக நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரே நேரத்தில் வெளியே பாய்வார்கள். அந்த நெரிசலில் பெண்கள் எப்படி வருவார்கள் என்று மாமா நிர்வாகத்திடம் வாதாடினார். பெண் பணியாளர்கள் சைரனுக்குப் பத்து நிமிடம் முன்பே வேலையை நிறுத்தி, பக்கத்துச் சிறு கதவு வழியாக வெளியேற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அன்று மாமா ஒரு டப்பா உஸ்மானியா பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்தார்.

தெலுங்கும் உருதும் பேசும் ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு டிக்கெட் கவுன்ட்டரில் ஷிஃப்ட் வேலை என்பதால் மாலையில் பெரும்பாலும் வீடு பூட்டியிருக்கும். எனவே பள்ளி ஆட்டோ என்னை நாலு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வீடு. வாசல் காவலர் பழைய நகரத்துக்காரர். நாலு இருபதுக்குப் பதிவேட்டை மூடிவைத்து, இடுப்புச் சாவியால் சிறு கதவைத் திறப்பார். நால்வரில் அம்மாதான் முதலில் வருவாள். "லோ பேட்டா, ஆகயீ அம்மா" என்பார் என்னிடம், இதோ அம்மா வந்தாச்சு என்று. அப்பாக்களுக்காகக் காத்திருக்கும் மற்ற பிள்ளைகளை நான் அப்போது ஒரு பார்வை பார்ப்பேன். ஆண்களுக்கு முன்னால் வெளியே வருபவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். வகுப்பிலும் அப்படியே சொல்லிவைத்திருந்தேன்.

அம்மா அதிகாரி இல்லை, ஹெல்பர். ஒரு வருடம் முடிந்தபின் தொழில் தேர்வில் தேறினால் டெக்னீஷியன். தேறாவிட்டால் இரும்புத் தூளைக் கூட்டி அள்ளும் வேலையிலேயே இருக்க வேண்டும். தேர்வு மதியச் சைரன் முதல் மாலைச் சைரன் வரை நான்கு மணி நேரம். இரண்டு எஃகுத் தகடுகள் தருவார்கள். ஒன்றில் சதுரமாகப் பள்ளம் வெட்டி, மற்றொன்றை அதற்குள் பொருந்தும்படி அரத்தால் ராவ வேண்டும். பொருத்தியபின் விளக்குக்கு எதிரே பிடிப்பார்கள். இடையில் ஒளி தெரிந்தால் தோல்வி.

முதல் முறை இரண்டு பெண்கள் எழுதி இருவரும் தோற்றார்கள். அறிவிப்புப் பலகையில் 'வேலை முற்றுப்பெறவில்லை' என்று போட்டிருந்தார்கள். பெண்களின் கைக்கு அரம் வராது என்று கூடத்தில் பேசிக்கொண்டார்களாம். அம்மா அந்தத் தகடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள். அன்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"ரெண்டும் நல்ல வேலை. முடி அளவுதான் வெளிச்சம் தெரியுது. பத்து நிமிஷ வேலை பாக்கி. அவங்க நாலு இருபதுக்கு வெச்சிட்டு வந்துட்டாங்க, சர்க்குலர் இருக்கே. ஆம்பளைங்க நாலரை வரைக்கும் ராவினாங்க."

"யாரும் சொல்லலியா?" என்றார் அப்பா.

"யாரும் ஏமாத்தலைங்க. யாரும் கவனிக்கல, அவ்வளவுதான்."

மறுநாள் ஃபோர்மேனிடம் கேட்டாள். நல்ல மனிதர், தெலுங்குக்காரர். "அதி மீ மஞ்சிக்கே கதம்மா" என்றார். உங்கள் நன்மைக்குப் போட்டதுதானே என்று. தேர்வு நாளில் மட்டும் விலக்குத் தர அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் யாருக்கு என்றும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சிறு கதவு திறந்தபோது மூன்று பெண்கள்தான் வந்தார்கள். அம்மா சைரனுக்குப் பிறகு, கூட்டத்தோடு வந்தாள். செவ்வாயும் அப்படியே. மற்ற பிள்ளைகள் இப்போது என்னைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை அம்மாவுக்கு மெமோ வந்தது: உரிய நேரத்தில் வெளியேறாததற்கு விளக்கம் அளிக்கவும். அப்பா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். "வேலை நேரத்துல வேலை செஞ்சதுக்கு விளக்கம் கேட்டு இப்பதான் பாக்கறேன். ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்றார். அம்மா ஒரு வரியில் பதில் எழுதினாள்: சைரன் வரை வேலை செய்வது குற்றமென்றால் எந்த விதியின்படி என்று தெரிவிக்கவும். காகிதம் மேலே போனது. மேலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். இந்த முறை பிஸ்கட் இல்லை.

"மூணு தடவ ஜி.எம். ரூம்ல போயி நின்னு வாங்கினேன். இப்ப என் தங்கச்சியே நக்கோ, வேணாங்கறா. யூனியன்ல கைக்கு, ஏன்னு கேக்கறான் ஒவ்வொருத்தனும். நான் என்ன பதில் சொல்ல?"

"தங்கச்சிக்கு வேலை முடியலையாம்னு சொல்லுண்ணா."

"கூட்டத்துல எவனாவது இடிச்சா?"

"பஸ்ல இடிக்கறான். அதுக்கு எந்த சர்க்குலர் வாங்கினே?"

"உனக்கு வேணாம், சரி. மத்த மூணு பேருக்கு?"

"வேணுங்கறவங்க போகட்டும். டெஸ்ட்டு அன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே சைரன். இதை எழுதிக் கேளு. நீ கேக்க மாட்டே. வாங்கினத திருப்பிக் குடுத்தா பேரு போயிடும்."

மாமா என்னைத் துணைக்கு அழைத்தார். "நீ சொல்லும்மா, வெயில்ல நிக்கற புள்ள." நான் மாமாவின் பக்கம்தான். "முஜே பெஹலே ஜைசாச் ஹோனா" என்றேன், பழையபடிதான் வேண்டும் என்று. வீட்டில் பெரியவர்கள் தமிழ் பேசினால் நான் பாதி நேரம் இப்படித்தான் பதில் சொல்வேன்.

"நிக்க முடியலன்னா உக்காரு" என்றாள் அம்மா.

அம்மாவின் தேர்வு அதற்கு அடுத்த வாரம். ஆறு ஆண்களும் அம்மாவும். நாலாவது பெண் பெயர் கொடுக்கவில்லை. காலையில் அம்மா பதற்றமில்லாமல் எனக்குத் தலை பின்னினாள், வழக்கத்தைவிட இறுக்கமாக.

நாலு இருபதுக்குச் சிறு கதவு திறந்து மூடியது. மூன்று பேர். நான் காவலரிடம் போய் வயிறு வலிக்கிறது என்றேன். வலிக்கவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் கூடத்துக்குப் பேசினார். கொஞ்ச நேரம் அப்படியே காதில் வைத்திருந்தார். நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு வைத்துவிட்டு, "பைட்டோ பேட்டா. தஸ் மினிட்" என்று தன் ஸ்டூலை எனக்குத் தள்ளினார்.

அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே நடந்ததை மாமா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தங்கையை அழைத்துப் போகத்தான் அவர் கூடத்து வாசலுக்கு வந்திருந்தார். ஃபோர்மேன் ஏற்கெனவே ஒருமுறை "டைம் அயிப்போயிந்தம்மா", நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்து, அம்மா நிமிராததால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறார். அப்போதுதான் தொலைபேசி. பேசிவிட்டு அவர் ஏறக்குறைய நிம்மதியோடு ஓடிவந்தாராம். பாப்பாவுக்கு வயிற்று வலி, கேட்டில் இருக்கிறாள்.

அரம் நின்றது.

"நிக்கறாளா, படுத்திருக்காளா?"

ஃபோர்மேன் திரும்ப ஓடிக் கேட்டு வந்தார். நிற்கிறாள்.

"அப்ப பத்து நிமிஷம் நிக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, உடனே அரத்தை வைக்கவில்லை என்பார் மாமா. இரண்டு கையையும் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு ஒரு கணம் சும்மா நின்றாளாம். பிறகு ராவினாள். தன் விருப்பத்தின் பேரில் இருக்கிறேன் என்று ஒரு காகிதத்தை ஃபோர்மேன் நீட்ட, அதிலும் கரி படிந்த கையால் கையெழுத்துப் போட்டாள். சைரன் ஊதியபோது ஏழு பேரும் ஒன்றாக அரத்தைக் கீழே வைத்தார்கள். ஃபோர்மேனை மேற்கொண்டு பேசவிடாமல் தான்தான் குறுக்கே நின்றதாக மாமா கதையை முடிப்பார். அம்மா அதை ஆமோதித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அம்மா டெக்னீஷியன் ஆனாள். அடுத்த மாதம் புதிய சுற்றறிக்கை: தேர்வுகள் அனைவருக்கும் சைரன் வரை; முன்னதாக வெளியேறுவது பெண் பணியாளர் விருப்பம். பழையது தவறு என்று எங்கும் இல்லை. 'நடைமுறை எளிமைப்படுத்தப்பட்டது' என்று இருந்தது. இந்த வெற்றிக்காகத் துணைச் செயலாளருக்கு யூனியன் செய்திமடல் நன்றி தெரிவித்தது. அந்தப் பக்கத்தை அம்மாவே கத்தரித்து அண்ணனிடம் கொடுத்தாள். தோற்ற இரண்டு பெண்களும் அடுத்த முறை தேறினார்கள். நாற்காலிகள் எப்போது போயின என்று யாருக்கும் நினைவில்லை. போன வருடம் அம்மா ஓய்வு பெற்றபோது அந்தக் கூடத்தின் தொழில் தேர்வுகளை நடத்துபவளாக இருந்தாள்.

ஆனால் அன்று மாலை எனக்கு இதெல்லாம் தெரியாது. சைரன் ஊதியது, பெரிய கதவு திறந்தது. முதல் வரிசையில் அம்மா இல்லை, இரண்டாவதிலும் இல்லை. நடுவில் எங்கோ, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைமுடியில் இரும்புத் தூளோடு வந்தாள். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரனை அழுத்தி "பாஜூ ஹோ" என்று எல்லோரிடமும் கத்துவதைப்போலவே அவளிடமும் கத்தினார். அவள் ஒதுங்கினாள். ஒரு சைக்கிள் ஹேண்டில் முழங்கையில் பட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிட்டே வந்து என் வயிற்றில் கை வைத்தாள். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"இன்னும் வலிக்குதா?"

"இல்ல."

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தானாகச் சிரித்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தன்கூட எனக்கு வழி விடலடி" என்றாள்.

அவள் முழங்கையில் சிராய்ப்பு சிவந்திருந்தது. அம்மாவை இப்படி நடத்திவிட்டார்களே என்று பஸ் வரும்வரை அந்த ஆண்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபமாக இருந்தது.