தெரியும் என்றார், செய்கிறேன் என்று சொல்லவில்லை

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை கம்பளி நூல் சுற்றியது. சீமைக்குத் திரும்பிய துரைசாணி விட்டுப்போன ஸ்வெட்டர் ஒன்றை அம்மா பிரித்து வைத்திருந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நான் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பது என் தொழில். நகத்தடியில் எப்போதும் கிரீஸ். அதனால் மணிக்கட்டுவரை துணி சுற்றிவிட்டு அதன் மேல் நூலை மாட்டினார்.

"கைய ஆட்டாத. ஒங்கப்பனும் இப்பிடித்தான், ஒரு எடத்துல நிக்க மாட்டாரு."

"யாருக்கும்மா?"

"ராக்காயி புள்ளைக்குத் தொப்பி. அவ மேமலையில கொழுந்தெடுக்கிறா, புள்ள பிள்ளக்காம்பராவுல கெடந்து கத்துது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் புதுத் துரைகிட்ட கேக்கணும், அவள பக்கத்து மலையில போடச் சொல்லி."

பிள்ளைக்காம்பரா என்பது வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை. மேல்மலையிலிருந்து இறங்கிவந்து பால் கொடுத்துத் திரும்புவதற்குள் அரைநாள் போய்விடும். அதனால் யாரும் இறங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நிமோனியா. இலங்கை மலைநாட்டுக் கந்தப்பளையில் அது மழைக்காலம். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, போய்விட்டார்.

அம்மா பெயர் சிசிலி. தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. தோட்டத்தை நடத்திய பழைய துரையின் பங்களாவில் பிள்ளை வளர்த்தவர் என்பதால் எல்லோருக்கும் ஆயம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். துரையின் இரண்டு பையன்களோடு பேசிப் பேசி வந்த ஆங்கிலம் அவருடையது. அதில் இலக்கணம் இருக்காது, கூச்சமும் இருக்காது.

அந்தப் பையன்களில் மூத்தவன் இளையவனைத் தள்ளிவிட்டால் துரைசாணி அடிக்கமாட்டாராம். மண்டியிட்டு அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பியின் சப்பாத்துக்குள் நீ நின்று பார், உனக்கு எப்படி இருக்கும்?" என்பாராம். சப்பாத்து என்றால் காலணி; அவன் இடத்தில் உன்னை வைத்துப் பார் என்பது பொருள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

"நாம தண்ணி புடிக்கிற பீலிக்கரையில சண்டை போட்டா என்னா சொல்றோம்? ஒனக்கு வந்தாத்தான்டி தெரியும்னு ஏசுறோம். நாம ஏசுறத அவங்க புள்ளைக்குப் பாடமாச் சொல்லிக் குடுக்குறாங்க" என்று எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பேச்சின்மேல் அம்மாவுக்கு இருந்த பிடிப்பு ஐம்பத்தேழில் விட்டுப்போனது.

பால் கொடுக்கும் பெண்களையும் மேல்மலைக்கு அனுப்ப அந்த வருடம் உத்தரவு வந்தது. துரைக்கு வேலைத் தமிழ் மட்டும் தெரியும். வா, போ, வெட்டு, எடு. மற்றதைக் கங்காணிதான் சொல்லவேண்டும். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைவதைக் கங்காணியிடம் எப்படிச் சொல்வது? கொழுந்தெடுக்கும் காளியாயி தலைமையில் பெண்கள், துரையிடம் பேசச் சொல்லி அம்மாவைப் பிடித்தார்கள். ராக்காயி அப்போது தலைப்பிள்ளைக்காரி. அவளும் நின்றாள்.

பங்களாவின் பின்பக்கம் பேச்சு நடந்தது. துரை பொறுமையாகக் கேட்டார். தானும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்றார். அவர்கள் சப்பாத்துக்குள் தன்னை வைத்துப் பார்க்கிறேன், அவர்கள் படுவது தனக்கு நன்றாகவே புரிகிறது என்றார். அம்மா மொழிபெயர்த்தார்.

காளியாயி தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது. "நாம சப்பாத்தே போடலையே ஆயம்மா. எதுக்குள்ள வந்து நிப்பாரு?"

"சும்மா இருடி. ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியும்ங்கிறாரு."

பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். லயத்தில் பெரியவர் ஒருவர், "தெரியும்த்தா, போ" என்றால் காரியம் முடிந்த மாதிரி. அதற்குமேல் நின்று கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது, பால் கொடுக்கும் பெண்கள் எல்லோரும் பக்கத்து மலைக்கான வரிசையில் போய் நின்றார்கள். கங்காணி விரட்டினார். அவர்கள் நகரவில்லை. துரையே குதிரையில் வந்தார். அத்தனை பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு. பிறகு மேல்மலை.

சாயங்காலம் பீலிக்கரையில் காளியாயி அம்மாவை மறித்தாள். நான் தண்ணீருக்கு நின்றிருந்தேன்.

"என்னா ஆயம்மா, தொரைக்கு நம்ம கஷ்டம் தெரியும்னியே?"

"தெரியும்னுதான் சொன்னாரு. செய்யுறேன்னு சொல்லல."

"ரெண்டும் வேறயா?"

"அவங்களுக்கு வேற."

"நல்ல பாசை படிச்ச போ. பங்களா சோறு தின்ன வாயி, அவங்க பக்கந்தான் பேசும்."

அம்மா குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தார். துரைசாணியிடம் போய் நடந்ததைச் சொன்னார். துரைசாணி அம்மாவின் கையைப் பிடித்து, உன் மனம் படும் பாடு எனக்குத் தெரிகிறது சிசிலி என்றார். கண்கூடக் கலங்கியதாம். அன்றைக்குத்தான் விளங்கியது என்பார் அம்மா. "பொய் இல்ல. நெசமாவே அவங்களுக்கு வலிக்குது. வலிச்சதோட முடிஞ்சுபோச்சு. நமக்கு அதுக்கப்புறந்தான் ஆரம்பம்."

கொஞ்ச நாள் கழித்துத் துரையிடமே போனார். அவர் மறுபடியும் புரிகிறது என்று தொடங்கினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, மருந்து குடிக்க மறுக்கும் பையன்களிடம் கேட்பதுபோல ஆங்கிலத்தில் கேட்டார்: "செய்வீங்களா, மாட்டீங்களா?" துரை சிரித்துவிட்டார். பிறகு முகம் சிவந்தது. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பக்கத்து மலை கிடைத்தது.

காளியாயி எங்கள் வாசலில் ஒரு முறம் கீரை வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பங்களாவில் பேச ஏதாவது இருந்தால் அம்மாதான். வருடக்கணக்காக. ஒவ்வொரு முறையும் அந்த ஆறுதல் பேச்சு முழுவதையும் நின்று கேட்டுவிட்டுக் கடைசியில் அதே கேள்வி. வீடு வந்ததும் சுவரில் சாய்ந்துவிடுவார். "வேலையவிட அதக் கேட்டுட்டு நிக்கிறதுதான்டா அசதி" என்பார்.

பிறகு அந்தத் துரை குடும்பத்தோடு சீமைக்கே திரும்பிவிட்டார். அவர் வாய்ச்சொல்லும் அவரோடு போனது. புதுத் துரை எல்லோரையும் மேல்மலைக்கு அனுப்பினார். ராக்காயிக்கு இப்போது மூன்றாவது பிள்ளை.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று புதுத் துரை தொழிற்சாலைக்கு வந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, தானும் தாயை இழந்தவன் என்றார். உன் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன், நீ படுவது எனக்குத் தெரியும் என்றார். முகத்தில் பொய் இல்லை. அம்மா சொன்னது சரி.

நன்றி சொன்னேன். தோளில் தட்டிவிட்டுப் போனார். கழன்ற பெல்ட்டை மாட்டினேன்.

நூல் உருண்டை அலமாரியில் இருக்கிறது. தொப்பியை என் சித்தி மகள் ஜோசப்பின் பின்னித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். புதுத் துரையிடம் கேட்பதற்கென்று அம்மா வைத்திருந்த கேள்வி மட்டும் நானும் கேட்காமல் கிடக்கிறது. இன்று காலையும் ராக்காயி கூடையை மாட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினாள். பிள்ளைக்காம்பராவைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.