பதினைந்து மீட்டர் ஓஸ்

எங்கள் பஞ்சர் கடையின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. லாரிச் சக்கரத்துக்குக் காற்று நிரப்பும்போது, டயரை வெளியே வராமல் பிடித்து வைக்கும் லாக் ரிங் தெறித்துப் போட்ட ஓட்டை. அந்த நேரம் என் வீட்டுக்காரர் பீடிக்கட்டு எடுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அதனால் இன்றும் இருக்கிறார்.

அவருக்கு ஒரு பழக்கம். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பார். மர்பி டவுனில் அவரோடு தொழில் பழகிய எல்லாரும் அப்படித்தான் தட்டுவார்கள். கூரை ஓட்டையான பிறகும் தட்டினார். சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதை விட்டேன்.

ஆனேக்கல் பக்கம் ஒரு கல் குவாரியில் கல் அள்ளும் லோடர் வண்டிக்கு டயர் வேலை வந்தது. அங்கேயே போய்ச் செய்ய வேண்டும். கூடவே கொண்டுபோகிற கம்ப்ரஸர் வாங்க சிவாஜிநகர் போனோம். கார் பேட்டரியில் ஓடுவது ஒன்று இருந்தது. லோடர் டயருக்கு அது நாள் முழுக்க ஊதும். கரண்டில் ஓடுவது ஒன்று. குவாரியில் கரண்ட் இல்லை. மிச்சம் பெட்ரோல் எஞ்சின் வைத்தது. அதில் சண்டை இல்லை. சண்டை காற்று போகிற ரப்பர் ஓஸில் வந்தது.

மெஷினோடு வந்த ஓஸ் மூன்று மீட்டர். முனையைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் எதிரிலேயே உட்கார வேண்டும்.

"பதினஞ்சு மீட்டர் போடுங்க. முனையில கவ்விக்கிற கிளிப் வேணும். காத்தைத் திறந்து மூடற டேப்பு மெஷின் பக்கம் இருக்கணும். திருப்பினா டயர்ல ஏறின காத்தும் வெளிய வரணும்" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, துணி காயப்போடவா?"

"கொடி கட்டப் போறா" என்றார் வீட்டுக்காரர். "அவ்ளோ நீட்டுக்குக் காத்து மெதுவாத்தான் போவும். குவாரியில நிக்க வெச்சுத் திட்டுவானுங்க."

"திட்டட்டும்."

குவாரியில் முதல் சக்கரத்திலேயே திட்டு வந்தது. சக்கரம் என் மார் உயரம். வீட்டுக்காரர் கிளிப்பை மாட்டிவிட்டு, மெஷினிடம் இருந்த என் பக்கம் வந்து நின்றார். காற்றழுத்தம் காட்டும் முள் மெதுவாக நகர்ந்தது. சூப்பர்வைசர் மூன்று முறை வந்து போனார்.

"இன்னும் எவ்ளோ நேரம்? பேக மாடி, பேக மாடி!" சீக்கிரம், சீக்கிரம் என்று கன்னடத்தில் விரட்டினார்.

வீட்டுக்காரர் முள்ளைப் பார்த்தார். குனிந்து சுத்தியலை எடுத்தார்.

"எங்க?"

"ஒரே தட்டு. உக்காந்துடும்."

நடந்தார். எஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. இருபது எட்டு வைத்தால் ரிங் முன்னால் இருப்பார். டேப்பைத் திருப்பினேன். எஞ்சினை அணைத்தேன்.

ஏறிய காற்றெல்லாம் என் காலடியில் சீறியது. புழுதி கிளம்பியது. அவர் பாதியில் நின்றார்.

"ஹுச்சா உனக்கு? பைத்தியமா?" சூப்பர்வைசர் கத்தினார். "அரை மணி நேரம் போச்சு!"

வீட்டுக்காரர் சீறல் அடங்குகிற வரை சுத்தியலோடு அங்கேயே நின்றார். பிறகு சக்கரத்திடம் போய் உட்கார்ந்து, ரிங்கைச் சுற்றி விரலால் தடவினார். கீழ்ப்பக்கம் வந்ததும் விரல் நின்றது. அந்த இடத்தில் ரிங் பள்ளத்தில் உட்காரவில்லை. விரல் அகலத்துக்கு வெளியே நின்றது.

காற்றில்லாத சக்கரத்தில் தட்டி அதை உட்கார வைத்தார். மறுபடி ஒரு சுற்று தடவிப் பார்த்தார். என் பக்கம் வந்து நின்றார். சுத்தியலை என்னிடம் கொடுத்தார்.

"காத்த விடு."

டேப்பை மறுபடி திருப்பி, எஞ்சினைப் போட்டேன்.