பெரட்டில் பார்க்காத முகம்

செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்ட அலுவலகத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. சின்னக் கிராணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்ட தோட்டத் துரை, அவர் வேலையையும் என் தலையில் கட்டினார். மூன்று மாதமாக ஓய்வு நாளே இல்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் பதியும்போது, வரிசையில் நின்றவர்களின் முகம் பார்க்காமல், முந்தைய நாள் பெயர்களை அப்படியே எழுதிவிட்டேன். காய்ச்சலில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கிடந்த முனியனும் வேலைக்கு வந்ததாகப் பதிவானது.

பட்டியலைப் பார்த்த கங்காணி லயத்துக்கே போய்விட்டார்.

"பேரு அங்கே நிக்குது, நீ இங்கே படுத்திருக்கியா?"

"எழுந்திரிக்க முடியல, கங்காணி."

"கிராணி எழுதிட்டாரு. நட!"

பத்து மணிக்கு முனியன் மரத்தடியில் இறந்து கிடந்தார்.

துரையிடம் என் தவறைச் சொன்னேன். "பட்டியலைத் திருத்தாதே" என்று சொல்லி அதிலேயே கையெழுத்திட்டார்.

இப்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகே பெயர் எழுதுகிறேன். பெரட்டு பத்து நிமிடம் நீள்கிறதென்று துரை என்னைத் திட்டுகிறார்.