வடக்குக் கயிறு

எங்கள் தெருப் பூங்காவில் காலை நேரத்தில் ஒரு பெண் ஓடுகிறாள். கொஞ்ச தூரம் தலைதெறிக்க ஓடுவாள், பிறகு நடப்பாள். கைக்கடிகாரம் ‘கீக்’ என்றதும் மறுபடி ஓட்டம். “இடைவெளி விட்டு ஓடுறது தாத்தா, ரேஸுக்காக” என்று விளக்கினாள். “தெரியும்மா, நானே ஒருத்தனுக்குப் பழக்கி விட்டிருக்கேன்” என்றேன். என் தொப்பையையும் கைத்தடியையும் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனாள். தோட்டக்காரர் நனைத்துப் போட்டிருந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நான் புதுமடம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அங்கே தபாலாபீஸ் குமாஸ்தாவாகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். வயலும் வரப்பும் தவிர வேறெதுவும் தெரியாது. கண்மாய்தான் நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர். கடலைப் பார்த்ததும் ‘இதற்குக் கரை கட்டாமல் விட்டுவிட்டார்களே’ என்றுதான் முதலில் தோன்றியது. சிரிக்காதீர்கள், அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் தபால் பையை ஏற்றாமலே பஸ் கிளம்பிவிட்டது. நான் பையோடு ரோட்டில் நின்றேன். எங்கிருந்தோ ஒருவன் வந்து பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி ஓடினான். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மறித்துவிட்டான். அவன்தான் சிக்கந்தர். என் வயதுதான். அன்று முதல் ஆபீஸ் மூடியதும் வாசல் பெஞ்சில் வந்து உட்காருவான். இருட்டி, அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்லும்வரை இருவரும் உலகத்தைப் பேசித் தீர்ப்போம். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அவனுக்கு ஒரு துக்கம் இருந்தது. கொழும்பில் பெரியவாப்பாவின் துணிக்கடைக்கு அவனை அனுப்புவதென்று அவன் வாப்பா முடிவு செய்திருந்தார். “கல்லாப்பெட்டிக்குப் பின்னால ஒக்காந்தா எனக்கு மூச்சு முட்டும் மாப்ள” என்பான். அந்தச் சமயம்தான் ராமநாதபுரத்தில் ஓட்டப்பந்தயம் வந்தது. இருநூற்றிருபது கெஜம். முதலாவதாக வருகிறவனுக்கு ரயில்வேயில் வேலை என்று சொன்னார்கள். “ரயில்வே வேலைன்னா வாப்பா ஒண்ணும் சொல்லமாட்டாக” என்றான் சிக்கந்தர்.

உப்பு ஆபீஸ் அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்கு வரும் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையைத் திருப்பி அனுப்புமுன் நான் படித்துவிடுவேன். தபால்காரன் செய்யக்கூடாத காரியம்தான். அதில்தான் இந்த வித்தை இருந்தது. ஒரே மூச்சாக ஓடாதே; வேகமாக ஓடு, நடந்து இளைப்பாறு, மறுபடி ஓடு, இப்படி எட்டு தடவை. எட்டாவது ஓட்டமும் முதல் ஓட்டத்தின் வேகத்தில் இருந்தால் நீ வீரன்.

மணலில் அடையாளத்துக்குக் கம்பு நட்டால் மறுநாள் யாராவது அடுப்பெரிக்கக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் காலையில் ஆபீஸ் திறக்குமுன் இழுக்கும் கரைவலையையே அடையாளமாக்கிக்கொண்டேன். படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். தெற்குக் கூட்டத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்த வள்ளத்தின்மேல், சிக்கந்தரின் கடிகாரத்தோடு நான். வடக்குக் கூட்டத்தில் ஒருவர் சிவப்புத் துண்டை வீசியதும் சிக்கந்தர் அங்கிருந்து ஓடிவந்து என் கையைத் தொடுவான். பிறகு வடக்குக் கயிறுவரை நடப்பான். முதல் நாள் வலை போட்டதுமே காலால் அளந்தேன். இருநூற்றிருபது கெஜம், கச்சிதம்.

“ஏ தபாலு, கெடியாரத்தையே பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கியே, வந்து கயித்தப் புடி!” என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கத்துவார். நான் காதில் வாங்கவில்லை. எப்படி வாங்குவேன்? சிக்கந்தரின் எட்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட ஏழு விநாடி குறைந்தது! ஓட ஓட வேகம் கூடுகிற மனிதனைப் பத்திரிகைக்காரன்கூடக் கண்டதில்லை. நான் வள்ளத்தின்மேல் எழுந்து நின்று குதித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக வலை போடமாட்டார்கள். அன்றைக்கு எங்களுக்கும் லீவு.

பந்தயத்தில் நூற்றைம்பது கெஜம்வரை சிக்கந்தர்தான் முன்னால். அதற்குப் பிறகு கால் கனத்துப்போனது எனக்கே மங்கலாகத் தெரிந்தது. கிட்டப்பார்வை எனக்கு. கண்ணாடி போட்டால் பெண் கிடைக்காது என்று போடாமலிருந்தேன். “யாருங்க முதல்ல?” என்று பக்கத்திலிருந்தவரைத்தான் கேட்டேன். யாரோ ஒரு பையனைக் காட்டினார். சிக்கந்தர் இரண்டாவது. வந்து என் தோளில் கைபோட்டு, “பசிக்குது மாப்ள” என்றான்.

வெட்கப்பட்டு அந்த வாரமே கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரையை நெருங்க நெருங்க, வடக்குக் கூட்டம் அடிமேல் அடியாகத் தெற்கு நோக்கி நகர்ந்து வந்தது. தினமும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, வலையில்லாத மணலில், அளந்து ஓடியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். முழுத் தூரத்தை ஒரே ஒரு தடவையும், மிச்சமெல்லாம் தேய்ந்த தூரத்தையும் ஓடவிட்டு, ஒருவன் பிழைப்பையே கெடுத்துவிட்டேன். அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன்.

கொழும்புக்குக் கிளம்பிய அவனை உச்சிப்புளி ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். வாப்பா டிரங்குப் பெட்டியோடு தள்ளி நின்றார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிக்கந்தர் சிரித்தான்.

“ஏலே, கடக்கரையில பொறந்தவன் நான். கயிறு கிட்ட வாரது எனக்குத் தெரியாதாக்கும்? மொத நாளே தெரியும்.”

“பின்ன ஏன்டா சொல்லல?”

“நான் செயிப்பேன்னு இந்த ஊர்ல நம்புனது நீ ஒருத்தன்தான். அந்த வள்ளத்து மேல நீ குதிச்ச குதிய எப்படிலே கெடுக்க?” என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “அந்தியில தனியாப் போயி முழுத் தூரமும் ஓடித்தான் பாத்தேன் மாப்ள. நூத்தம்பதுக்கு மேல காலு கேக்கல. ஒன் குத்தம் ஒண்ணுமில்ல.”

ரயில் போய்விட்டது. பாரம் இறங்கிய நிம்மதியில் திரும்பி வந்தேன். சாயங்காலம் ஆபீஸை மூடிவிட்டு வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்தியில் அவன் எங்கே ஓடினான்? ஒருநாள் விடாமல் இங்கே என்னோடுதானே உட்கார்ந்திருந்தான்!

அவனை இலங்கைக்குக் கொண்டுபோன கப்பல் இப்போது இல்லை. அவன் கப்பலேறிய தனுஷ்கோடி ஸ்டேஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. நார்க்கயிறு போய் நைலான் வந்தாயிற்று. ஒன்றிரண்டு முறை ஊருக்கு வந்துபோன சிக்கந்தரும் கொழும்பு மண்ணிலேயே அடங்கிவிட்டான். அந்தப் பொய்க்கு நான் அவனிடம் கடைசிவரை நன்றி சொல்லவில்லை.

இன்று காலை அந்தப் பெண் மூச்சு வாங்க என் பக்கத்தில் நின்றாள். “நீங்க பழக்கினவர் ஜெயிச்சாரா தாத்தா?”

“ஜெயிச்சான்மா” என்றேன்.