இருநூறு கிலோ சிங்கம்

சென்ற ஜூலை முதலாம் திகதி நடந்தது. மொன்றியலில் அன்றுதான் வாடகை ஒப்பந்தங்கள் மாறும். பாதி ஊர் மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்கும். டவுன்டவுன் உணவகம் ஒன்றில் சட்டி பானையோடு மாரடிக்கும் நான், கூட வேலை செய்யும் நண்பரின் வான் வண்டியில் சாமான் ஏற்றப் போனேன். போயிருக்கக் கூடாது. என் முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறது. இன்னொரு தரம் பிடித்தால் நின்று செய்கிற வேலையை மறந்துவிடு என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கென்று பார்த்து நண்பருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

பின்னேரம் கடைசி வீடு. மூன்றாம் மாடி, வெளியே வளைந்து வளைந்து இறங்கும் இரும்புப் படி. வயதான பிரெஞ்சு மதாம் ஒருவர் பியர்ஃபொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். கட்டில், அலுமாரி எல்லாம் இறக்கி நாக்குத் தள்ளிய பிறகுதான் உள்ளறையைத் திறந்து காட்டினார். அங்கே பாடம் செய்த ஆண் சிங்கம் ஒன்று நின்றது. அவருடைய தகப்பன் ஆபிரிக்காவில் சுட்டதாம். சிங்கத்தை நான் இலங்கையில் கொடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதற்கே நிறையப் பயந்தவன்.

நண்பர் ஃபோனில் தேடினார்.

"அண்ணை, காட்டுச் சிங்கம் இருநூறு கிலோவும் வருமாம். வயிறு முட்டத் திண்டிருந்தா இன்னும் கூடுமாம்."

"திண்டிட்டுச் செத்ததோ எண்டு மதாமிட்டக் கேளும்," என்றேன். களைப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலே விசாரிக்காமல் வேலையை ஒப்புக்கொண்டீரே என்று எரிந்து விழுந்தேன். அவர் பாரம் தூக்கும் பட்டியை எடுத்து விரித்தார்.

சிங்கத்தின் அடியில் தூக்குப்பட்டியைக் கொடுத்து, ஒரு முனையை அவர் தோளிலும் மறு முனையை என் தோளிலும் மாட்டினோம். பட்டியைத் தளரவிட்டு, அது நின்ற சில்லுப் பலகையோடு வாசல்வரை உருட்டிவந்தோம். படிக்கு முதுகு காட்டி நான் நின்றேன். என் முதுகையும் மனைவியையும் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, இருநூறு கிலோவுக்கு என்ன பலம் வேண்டுமோ அவ்வளவையும் போட்டுத் தூக்கினேன்.

சிங்கம் பஞ்சு மாதிரி மேலே வந்தது. இருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை. பாடம் செய்த சிங்கத்துக்குள் சிங்கம் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. போட்ட பலம் என்னையே பின்னால் தள்ளியது. கால் படியைத் தவறவிட்டது. கீழே மூன்று மாடி.

நண்பர் நல்ல பருமன். பட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்த உடம்போடு அப்படியே பொத்தென்று நிலத்தில் குந்திவிட்டார். பட்டி இழுபட்டு இறுகி, சிங்கம் வாசல் நிலையில் முட்டி நின்றது. நான் பட்டியில் தொங்கி, கம்பியைப் பிடித்து, ஒருமாதிரி நிமிர்ந்தேன்.

"அசையாதேங்கோ அண்ணை. நான் இருக்கிறன்."

அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் உரிந்து சிவந்திருந்தன. மதாம் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சுட்டு விழுத்திய அன்று அதைத் தூக்க ஒரு கூட்டமே தேவைப்பட்டதாம், இப்போது இருப்பது வெறும் தோலும் உள்ளே அடைத்ததும்தான் என்றார். முதலே சொல்லியிருக்கலாம். நாங்கள் முதலே கேட்டிருக்கலாம்.

படியில் குந்தியிருந்து நெடுநேரம் மூச்சு வாங்கினோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, "பேந்து கதைப்பம், முதல் இதை இறக்குவம்," என்று அவர் எழும்பிவிட்டார். சிங்கத்தை மெல்ல இறக்கினோம். அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

முதுகு தப்பியது, இன்றும் அதே உணவகக் குசினியில்தான் நிற்கிறேன். வேலை முடிந்து இடுப்பு விண்விண் என்று தெறிக்கும் நாட்களில், இல்லாத பாரத்துக்குப் பயந்து விழப்போன என்னை, சற்று முன்தான் நான் ஏசிய மனிதர்தான் தன் உடம்பைப் போட்டு நிறுத்தினார் என்பது நினைவுக்கு வந்து, கண் கலங்கிப்போகிறது.