சூசையின் முறை

மின்சாரம் திரும்பி வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். வெளியே ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடின. கரிந்த திரியின் வாசனை என்னை அறுபதுகளின் கூரை வீட்டுக்குள் மண்டியிட வைத்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டில் செபமாலை. ஆளுக்கு மாலையில் பத்து மணி. ஒருவர் "அருள் நிறைந்த மரியாயே" என்று முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வோம். அப்பா, அம்மா, நான், பிறகு தம்பி சூசை. சாணம் மெழுகிய தரையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டே அவசர அவசரமாகச் சொல்லி முடிப்பான்.

காய்ச்சலில் அவன் போய்விட்டான். அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையிலும் அப்பா மெழுகுவர்த்தி ஏற்றினார். சூசையின் முறை வந்தது.

"அவன் முறைய நீ சொல்லும்மா," என்றார் என்னிடம்.

"இன்னாத்துக்கு? அவன்தான் இல்லியே!" அம்மா சீறினாள்.

"குடுத்தவரு எடுத்துகினாரு. நாம கீழ்ப்படியணும்."

நான் சொன்னேன். மறுபாதியை அப்பா மட்டும் உடைந்த குரலில் சொன்னார். மற்றவர்கள் முறையில் ஒழுங்காகப் பதில் சொல்லும் அம்மா, சூசையின் முறையில் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அப்பாவும் ஏனென்று கேட்கவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை; எல்லார் முறையும் எனக்குத்தான். முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் நிறுத்துகிறேன். யாரும் இல்லாததால் மறுபாதியையும் நானே சொல்லிக்கொள்கிறேன். சூசையின் மணிகள் வரும்போது மட்டும் மறுபாதியைச் சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை.